சாப்பாட்டுப் பையில் ஓர் ஆயில் பம்ப்

எங்கள் கம்பெனி கேட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வெளியே போகிற ஒவ்வொருவரும் அதன் பட்டனை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் போய்க்கொண்டே இருக்கலாம். சிவப்பு எரிந்தால் ஓரமாக நின்று பையைத் திறந்து காட்ட வேண்டும். யாருக்குச் சிவப்பு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்கும் பல தடவை வந்திருக்கிறது. டிபன் பாக்ஸையும் துண்டையும் காட்டிவிட்டுப் போயிருக்கிறேன். அந்த ஒரு நாள் மட்டும் என் பைக்குள் ஆயில் பம்ப் இருந்தது.

அது எப்படி என் பைக்குள் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரகடத்துக்கு வந்தவன், இங்கேயே பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டேன். வல்லம் வடகாலில் கார் பிரேக்குக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் டூல் ரூமில் வேலை. லைனில் ஓடுகிற மெஷின்களுக்கு வேண்டிய அச்சுகளைச் செய்வதும் தேய்ந்ததைச் சரி பண்ணுவதும் எங்கள் பொறுப்பு. லைனைப் போல மணிக்கு இத்தனை பீஸ் என்ற விரட்டல் கிடையாது. ஆனால் ஒரு முடி அளவு தப்பினாலும் செய்தது குப்பைக்குப் போகும்.

எங்கள் பிளான்ட் ஹெட் கோயம்புத்தூர்க்காரர். வந்த புதிதில் எல்லா அதிகாரிகளையும் போல டூல் ரூமைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார் என்று நினைத்தோம். அவர் உள்ளே வந்து, நான் அரைத்து வைத்திருந்த ஒரு தகட்டை எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, அதன் முகத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். பார்த்த விதத்திலேயே தொழில் தெரிந்தவர் என்று தெரிந்துவிட்டது. பிறகு ஒருநாள் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"எனக்கு ஒரு பைத்தியம் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா இருந்தா வந்து பாக்கறீங்களா?"

அவர் வீடு வண்டலூர் போகிற சாலையில், கேட் போட்ட குடியிருப்புக்குள். கார் ஷெட்டில் நின்றது அந்தப் பைத்தியம். இங்கிலாந்தில் செய்த கார். எங்கள் இரண்டு பேருடைய வயதையும் விட அதற்கு வயது அதிகம். உருண்ட மூக்கு, தவளைக் கண் மாதிரி விளக்குகள், உள்ளே சிவப்புத் தோல் சீட். ஒரு எஸ்டேட்டில் கோழிகள் அடைந்து கிடந்த வண்டியை வாங்கி வந்து, வருஷக்கணக்கில் தானே ஒவ்வொன்றாகச் சரி செய்திருந்தார். மிச்சம் இருந்தது ஒரே வியாதி. கிளப்பினால் நன்றாக ஓடும். சூடானதும் ஆயில் பிரஷர் முள் சரசரவென்று இறங்கிவிடும். பிரஷர் இல்லாமல் ஓட்டினால் பேரிங் உலர்ந்து இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

பேரிங்கை அவர் ஏற்கெனவே மாற்றியிருந்தார். குறை பம்ப்பில்தான். ஒரு இரும்புக் கூட்டுக்குள் இரண்டு பல்சக்கரம், மேலே ஒரு மூடி, அவ்வளவுதான் அந்தப் பம்ப். சக்கரங்கள் உரசி உரசி மூடியில் பள்ளம் விழுந்திருந்தது. அந்தக் காலத்துக் கணக்குக்கு அது இறைத்த ஆயில் போதும், ஓட்டுகிறவர்கள் மெதுவாகத்தானே ஓட்டினார்கள். நம் சாலைக்கும் நம் வெயிலுக்கும் போதாது.

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து யோசித்தோம். பல்சக்கரத்தை அகலமாகப் போட்டால் ஒரு சுற்றுக்கு அதிக ஆயில் இறைக்கும். அகலச் சக்கரம் உட்கார இடம் வேண்டும். அதற்குக் கூட்டுக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு தகடு சேர்க்க வேண்டும். அந்தத் தகட்டின் ஓட்டை, இரண்டு வட்டம் ஒட்டிக்கொண்ட மாதிரி, கூட்டின் உள்சுவரோடு இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். யோசனை முக்கால்வாசி அவருடையது. எந்த மெஷினில் எந்த வரிசையில் வெட்டுவது என்பது என்னுடையது. அப்படிப் பல ஞாயிறுகள் போயின. அவர் மனைவி தட்டில் பஜ்ஜி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டு குழந்தைங்களும் சாப்பிடுங்க" என்பார். அந்த வீட்டில் நான் செருப்பைக் கழற்றும்போது தொழிலாளி என்ற நினைப்பே எனக்கு வராது. எனக்கு அது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

தகடு வெட்ட எங்கள் டூல் ரூம் மெஷின் வேண்டியிருந்தது. கம்பெனி மெஷினில் சொந்த வேலை செய்யக் கூடாது என்று சுவரில் போர்டு மாட்டியிருக்கிறது. அதன் அடியில் இருக்கும் கையெழுத்து அவருடையது. இரண்டு பேருக்கும் அது தெரியும், இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பம்ப்பை அவர் காரிலேயே கொண்டுவருவார், காரிலேயே எடுத்துப் போவார். அதிகாரிகள் காருக்குப் பட்டனும் கிடையாது, பெட்டியும் கிடையாது. நான் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து, தகடு நன்றாகவே வந்தது. அவர் வாங்கி வந்திருந்த அகலச் சக்கரத்தைப் போட்டுக் கையால் சுற்றினால் ஒரு இடத்தில் கூடப் பிடிக்கவில்லை.

வேலை முடிந்த அன்று வெளிநாட்டிலிருந்து கஸ்டமர் வந்திருந்தார்கள். மதியம் அவர் டூல் ரூம் வழியாக வேகமாகப் போகிற போக்கில் சொன்னார்.

"இன்னைக்கு நான் அவங்களோட சென்னை போயிடுவேன். நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. ஞாயித்துக்கிழமை கொண்டுவாங்க."

"கேட் பாஸ் வேணுமே சார்?"

"சின்னப் பொருள்தானே" என்றார். போய்விட்டார்.

பம்ப்பை எண்ணெய் துடைக்கிற காட்டன் வேஸ்டில் சுற்றி, டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து, பையின் ஜிப்பை இழுத்தேன். வரிசையில் நின்றேன். அழுத்தினேன். சிவப்பு.

கேட்டில் அன்று இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் புதிதாக வந்த செக்யூரிட்டி ஆபீஸர், ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். இன்னொருவன் என் மனைவியின் கூடப் பிறந்த தம்பி. அவர்கள் வீட்டு நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குள் போனபின் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த வேலை அது. தினமும் என்னைப் பார்த்ததும் "வா மாமா, போ மாமா" என்று கையை நெற்றிக்குக் கொண்டுபோவான். அன்றும் சிரித்துக்கொண்டே பையை வாங்கி, டிபன் பாக்ஸை எடுத்தான். அடியில் கை பட்டது. சிரிப்பு போய்விட்டது. என் முகத்தைப் பார்த்தான். மூடிவிடலாமா என்று யோசித்திருப்பான். ஆபீஸர் அதற்குள் பக்கத்தில் வந்து வேஸ்டைப் பிரித்துவிட்டார்.

"இது என்ன?"

"பம்ப் சார்."

"எந்த டிபார்ட்மென்ட் மெட்டீரியல்?"

"கம்பெனிது இல்ல சார். என்னோடது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். சுவரில் இருந்த அந்தக் கையெழுத்து ஞாபகம் வந்தது. அவர் பெயரைக் கேட்டில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை.

"உன்னோடதா? எதுக்குப் போடுறது?"

"காருக்கு."

"நீ கார் வச்சிருக்கியா?"

பின்னால் வரிசையில் யாரோ, "அண்ணே, சொல்லவே இல்ல, ட்ரீட் எப்ப?" என்றான். சிரிப்பு வரிசையின் கடைசி வரைக்கும் போனது. நான் கம்பெனி பஸ்ஸில் வருகிறவன் என்று எல்லாருக்கும் தெரியும். ஆபீஸர் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"ஓரமா நிறுத்தி முழுசா செக் பண்ணு" என்று என் மச்சானிடம் சொன்னார்.

சட்டையை வெளியே எடுக்கச் சொன்னார்கள். ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் தோளிலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தான். இடுப்பு பெல்ட்டுக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தான். என் சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. ஒரு காலை இன்னொரு காலால் மறைத்துக்கொண்டு நின்றேன். செகண்ட் ஷிஃப்ட் ஆட்கள் ஒரு பக்கம் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள், எங்கள் ஷிஃப்ட் இன்னொரு பக்கம் வெளியே போய்க்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான்.

அப்போதுதான் பிளான்ட் ஹெட்டின் கார் வந்தது. பின் சீட்டில் கஸ்டமர் இரண்டு பேர், முன் சீட்டில் அவர். மச்சான் என் பெல்ட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓடிப்போய்த் தடுப்புக் கம்பத்தைத் தூக்கினான், விறைப்பாக சல்யூட் அடித்தான். கார் மெதுவாக என்னைத் தாண்டியது. அவர் என்னைப் பார்த்தார். மேஜை மேல் ஆபீஸர் வைத்திருந்த பம்ப்பையும் பார்த்தார். கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் பின்னால் திரும்பி கஸ்டமரிடம் ஏதோ பேசினார். கார் போய்விட்டது. மச்சான் கம்பத்தை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து சோதனையைத் தொடர்ந்தான்.

மறுநாள் காலையில் ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். பிளான்ட் ஹெட்டும் அங்கே இருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே இங்கிலீஷில் நாலைந்து வாக்கியம் சொன்னார். பொருள் தன்னுடையது, தான்தான் கொடுத்தது, இதை வளர்க்க வேண்டாம் என்பது எனக்குப் புரிந்தது. பேசும்போது மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். பம்ப்பை ஒரு கவரில் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டார்கள். "நீங்க போகலாம், எந்தப் பிரச்சினையும் இல்ல" என்றார் ஹெச்.ஆர்.

அந்த அறைக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லைதான். ஆனால் கேட்டில் என்னைப் பார்த்த நானூறு ஐநூறு பேரிடம் யார் போய்ச் சொல்வது? சோதனை போட்டதை எல்லாரும் பார்த்தார்கள், விட்டுவிட்டதை யாரும் பார்க்கவில்லை. கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு போனால் பேச்சு நின்றுவிடும். பஸ்ஸில் ஒருவன், "பம்ப்பு அண்ணனுக்கு எடம் குடுடா" என்றான். கெட்டவன் இல்லை, சும்மா சிரிக்கச் சொன்னான். பெயர் ஒட்டிக்கொண்டது. நானும் சிரித்தேன்.

மனைவிக்கு எங்கள் தெருவில் இருக்கும் கம்பெனி கான்ட்ராக்ட் வேலைப் பெண் ஒருத்தி மூலம் தெரிந்தது. இந்தப் பக்கத்தில் மனைவி புருஷனை "நீ" என்றுதான் சொல்வாள். ஆரம்பத்தில் என் அம்மாவுக்கு அது தாங்கவே இல்லை. எனக்குப் பழகிவிட்டது.

"என் தம்பியா உன் மேல கை வெச்சான்?"

"அவன் வேலை அது."

"அந்த ஆளு காருல குந்திக்கினு பாத்துக்கினே போனாராமே?"

"கஸ்டமர் இருந்தாங்க."

"நீ ஏன் அவரு பேர சொல்லல?"

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதன்பிறகு அவள் தம்பி எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. கேட்டில் நான் வருவதைப் பார்த்தால் பார்க்கிங் பக்கம் ஏதோ வேலை இருக்கிற மாதிரி நகர்ந்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. "வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். மன்னிப்பு எதுவும் இல்லை. "வர்றேன் சார்" என்றேன்.

சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு."

"அப்பறம் இன்னாத்துக்குப் போற?"

"அந்தத் தகடு நான் வெட்டுனது. வேற யாராச்சும் தப்பா மாட்டிட்டா இன்ஜினே போயிரும்."

"தகடாம் தகடு" என்றாள். விலகிக்கொண்டாள்.

நான் சொன்னதில் பாதிதான் உண்மை. தப்பாக மாட்டக் கூடிய ஆள் இல்லை அவர். அந்த முள் ஏறுவதை நான் பார்க்க வேண்டும், அதுதான் காரணம். என்னை நடுத்தெருவில் நிறுத்தின மாதிரி நிறுத்திவிட்டுப் போன மனிதரின் வீட்டுக்கு, ஒரு முள்ளைப் பார்க்க ஆசைப்பட்டு, ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனேன். கேட்டில் நின்றபோது பட்டது ஒரு வெட்கம். இது வேறு மாதிரி இருந்தது. அங்கே நான் என்ன செய்தேன், செய்ததெல்லாம் மற்றவர்கள். இது நானாகப் போய் வாங்கிக்கொண்டது.

வேலை தொடங்கியதும் அதுவும் மறந்துவிட்டது. தகடு சேர்த்த பம்ப் முன்பை விட நீளம், கீழே ஆயில் தொட்டியில் இடிக்குமோ என்று சந்தேகம். அவர் மனைவியிடம் கொஞ்சம் சப்பாத்தி மாவு வாங்கி, உருட்டி, பம்ப்பின் அடியில் ஒட்டி, தொட்டியை மாட்டிக் கழற்றினோம். நசுங்கின மாவின் கனத்தைப் பார்த்தால் எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும். விரல் கனம் இருந்தது. அப்புறம் பம்ப்புக்குள் வாஸ்லின் அடைத்தோம். உள்ளே காற்று இருந்தால் முதல் சுற்றில் ஆயில் ஏறாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிளம்பாதபடி இன்ஜினை வெறுமனே சுற்றவிட்டார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினார். ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை முள் தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி ஒரு துடி துடித்து, மேலே போய் நின்றது.

பிளக்கை மாட்டிக் கிளப்பினோம். அரை மணி நேரம் ஓடி, கையை வைக்க முடியாத சூட்டுக்கு வந்தும் முள் இறங்கவில்லை. அவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கை கழுவும்போது, குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு வண்டியில கஸ்டமர் இருந்தாங்க."

"பரவாயில்ல சார்."

அவர் சொன்னது அவ்வளவுதான், நான் சொன்னதும் அவ்வளவுதான். என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஒரு நிமிஷம் பேசாமல் இருந்திருந்தால் அவர் மேலும் ஏதாவது சொல்லியிருப்பாரோ என்னவோ. நான்தான் அவருக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை.

"வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு உங்களை வீட்டுல விட்டுடறேன்" என்றார். மறுக்கவில்லை. சிவப்புத் தோல் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாலையில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், பைக்கில் வந்த பையன்கள் போனில் படம் எடுத்தார்கள். ஒரகடம் சந்திப்பு வரைக்கும் நான் ஜன்னலில் கையைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். வல்லம் திரும்புகிற இடத்தில் பஸ் ஸ்டாப்பில் எங்கள் கம்பெனி நீலச் சட்டைகள் தெரிந்தன. ஓ.டி. முடித்துவிட்டு நின்றிருந்தார்கள். சட்டென்று குனிந்துவிட்டேன். காலடியில் எதையோ தேடுகிற மாதிரி, தலை டாஷ்போர்டுக்குக் கீழே போகும் அளவுக்கு.

"என்ன, ஏதாவது சத்தம் கேக்குதா?" என்று கேட்டு வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"இல்ல சார். நீங்க போங்க."

"ஆயில் லீக்கா?"

"ஒண்ணுமில்ல சார், போங்க."

எங்கள் தெரு முனைக்கு வெகு முன்னாலேயே இறங்கிக்கொண்டேன்.

அதன்பிறகு அவர் கூப்பிட்டு இரண்டு தடவை போகவில்லை, மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை. ஆயுத பூஜைக்கு அந்தக் காரைக் கம்பெனிக்குள் கொண்டுவந்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார். எல்லாரும் அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நான் டூல் ரூமில் மெஷின்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

தையில் எங்கள் சின்னவனுக்குக் காது குத்த வேண்டியிருந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. மனைவி போன் செய்தால் தம்பி, "பாக்கலாம் அக்கா" என்று இழுத்தான். கடைசியில் அவள் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து என் கையில் கொடுத்து, "நீயே போ" என்றாள்.

அவன் வீட்டு வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கையில் அழுக்குத் துணி, அதைக் கீழே போடவும் தோன்றவில்லை.

"மாப்ள, அந்தப் பம்ப் என்னுது இல்ல" என்றேன். வேறெதுவும் சொல்ல வரவில்லை. "பெரிய சாரோடது. ஆயுத பூஜைக்கு வந்துச்சே, அந்தக் காருக்குள்ள இருக்கு."

"அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல மாமா."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பையன். "வுட்டுருக்க மாட்டேன். ஆபீஸரு பக்கத்துல நிக்கிறாரு, எப்டி வுட முடியும்? ஆனா பெல்ட்டாண்ட கை வெச்சிருக்க மாட்டேன். முடியாதுன்னு சொல்லிட்டு டூட்டிய வுட்டு வந்திருப்பேன்." துணியை முறுக்கிக்கொண்டே சொன்னான். "நீ எடுத்துட்டேன்னு நெனச்சிட்டேன் மாமா. அதான் உன் மூஞ்சில முழிக்க முடியல."

இத்தனை நாள் அவன் என் மேல் கை வைத்ததற்காகத்தான் கூச்சப்பட்டு ஒதுங்குகிறான் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மனசுக்குள் அவனை மன்னித்தும் வைத்திருந்தேன். அவன் என்னைத் திருடன் என்று நம்பி, அக்கா குடும்பத்துக்காக அதை வெளியே காட்டாமல் மறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். தட்டை நீட்டினேன். துணியைப் போட்டுவிட்டு, கையைப் பேண்டில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. பெரிய சாருக்கும் பத்திரிகை வைத்திருந்தேன். காரை அனுப்பட்டுமா, குழந்தையை அதில் கூட்டிப்போகலாமே என்று கேட்டார். மனைவியிடம் சொன்னேன். "ஆட்டோ சொல்லியாச்சு" என்றாள். அவர் வரவில்லை.

பந்தியில் மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சாம்பார் ஊற்றிவிட்டுப் போனதும் மெதுவாகக் கேட்டான்.

"அந்தக் காரு இப்ப நல்லா ஓடுதா மாமா?"

"அருமையா ஓடுது. எவ்வளவு சூடானாலும் பிரஷர் இறங்க மாட்டேங்குது" என்றேன்.

சொல்லும்போது என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது. எதிர்வரிசையில் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.